சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு டிரில் வாங்குங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடா வந்து ஒரு வருடம் ஆகிறது, பிராம்ப்டனில் டவுன்ஹவுஸ் சாவி அடுத்த மாதம் கைக்கு வருகிறது. ஊரிலிருந்து வரும் அப்பாவிடம் கோயம்புத்தூர் வீட்டில் இருக்கும், அடித்துக்கொண்டே துளைக்கும் ஹேமர் டிரில்லைக் கொண்டுவரச் சொல்லலாமா? இங்கேயே வாங்கினால் 18 வோல்ட்டா, 20 வோல்ட்டா, எந்த பிராண்ட்? கராஜில் சின்னதாக ஒரு பட்டறை போட என்னென்ன வேண்டும்? திரும்பிப் போகும்போது அப்பா கையில் ஒரு பேட்டரி டிரில் கொடுத்தனுப்பலாமா?

ஊர் டிரில் வேண்டாம். அது 230 வோல்ட்டுக்குச் சுற்றிய மோட்டார், இங்கே பிளக்கில் வருவது 120. சுழலும், ஆனால் சுவரில் வைத்து அழுத்தினால் நின்றுவிடும், சூடாகும். அதற்காக ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கித் தூக்கித் திரிவது டிரில் விலையை விட வீண். அதைவிட முக்கியம், இங்கே உங்களுக்கு முதலில் தேவைப்படுவது ஹேமர் டிரில்லே இல்லை.

நம் ஊர்ச் சுவர் செங்கல், மேலே சிமென்ட் பூச்சு. ஒரு சாமி படம் மாட்டவே துளை போட்டு ரால் பிளக் அடிக்க வேண்டும். இங்கே உள்சுவரைக் கையால் தட்டுங்கள், டொக்கென்று கூடு போலக் கேட்கும். அது அரை இன்ச் ஜிப்சம் பலகை, ட்ரைவால் என்பார்கள். பின்னால் வெறும் காற்று. 16 இன்ச்சுக்கு ஒன்றாக மரச்சட்டம் நிற்கும், சில சுவர்களில் 24 இன்ச். அதுதான் ஸ்டட். பெயர் 2x4, டேப் வைத்தால் 1½ க்கு 3½ தான். சட்டத்தின் நடுவிலிருந்து முக்கால் இன்ச் இப்படியோ அப்படியோ விலகினால் ஸ்க்ரூ காற்றில் நிற்கும். டிவி விழுகிற கதைகளில் பாதி இதுதான்.

சட்டத்தைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பட்டாணி அளவு பவர் காந்தம் ஒன்றைச் சுவரில் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். ட்ரைவாலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ தலையில் 'டக்' என்று ஒட்டும். அதே கோட்டில் மேலே, கீழே இன்னும் இரண்டு இடத்தில் ஒட்டினால் அதுதான் சட்டம். மெல்லிய ஆணியால் அரை இன்ச் இடைவெளியில் குத்திப் பார்த்து இரண்டு ஓரத்தையும் பிடித்து, நடுவைப் பென்சிலால் குறியுங்கள். வயர் போகும் ஓட்டையைச் சட்டத்தின் விளிம்பிலிருந்து 1¼ இன்ச்சாவது உள்ளே தள்ளித்தான் போட வேண்டும் என்பது விதி, தள்ள முடியாத இடத்தில் இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். அரை இன்ச் ட்ரைவாலையும் சேர்த்தால், சுவருக்குள் 1¾ இன்ச்சுக்கு மேல் போகாத ஸ்க்ரூ வரை பயமில்லை. அதற்கு மேல் நீளம் என்றால், ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் கை வைக்காதீர்கள். டிரில் முனை திடீரென்று வழுக்கி நின்றால் அது தகடு. இன்னும் அழுத்தாமல் இடத்தை மாற்றுங்கள்.

டவுன்ஹவுஸ் என்பதால் இன்னொன்று. பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவர் தீ பரவாமல் தடுக்கக் கட்டியது. படம் மாட்டலாம், அதில் பெட்டி வெட்டி ப்ளக் பாயின்ட் வைக்கிற வேலை வேண்டாம்.

இனி வோல்ட். 18, 20 இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் வழக்கமான அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிமிடத்தில் ஒரு செல் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அதைப் பெருக்கி '20 மேக்ஸ்' என்று ஒட்டிவிடுவார்கள். டீவால்ட் இங்கே 20 என்று விற்பதையே ஐரோப்பாவில் 18 என்று விற்கிறது. 12 வோல்ட் மேக்ஸும் அப்படித்தான், மூன்று செல், 10.8 வோல்ட்.

பார்க்க வேண்டியது ஆம்ப்-அவர் (ஏஎச்), அதாவது பேட்டரி எவ்வளவு கரண்டைச் சேமித்து வைக்கும் என்ற அளவு. டிரில்லுக்கும் ஸ்க்ரூ முடுக்கவும் 2 ஏஎச் போதும், கை வலிக்காது. அறுக்கிற வாளுக்கு 4 அல்லது 5 ஏஎச் வேண்டும். 5 ஏஎச்சில் பெரும்பாலும் செல்கள் இரட்டை வரிசையாக, பத்து இருக்கும். சுமை ஏறும்போது இரண்டு வரிசையும் பங்கிட்டுக் கொடுப்பதால் மோட்டார் திணறாது. 2 ஏஎச் போட்டு வாளை ஓட்டினால் பலகை பாதி அறுபடும்போது பேட்டரி சூடாகித் தானே அணைந்துகொள்ளும். அதைக் கருவிக் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

பிராண்ட் என்று கேட்டால், நீங்கள் வாங்கப்போவது டிரில் அல்ல, ஒரு பேட்டரிக் குடும்பம். ஒரு பிராண்ட் பேட்டரி இன்னொன்றில் உட்காராது. மில்வாக்கியும் ரியோபியும் ஒரே ஹாங்காங் நிறுவனத்தின் கைவண்ணம், ஆனாலும் மாற்றிப் போட முடியாது. மகிட்டாவிலேயே 18 வோல்ட்டும் 40 வோல்ட்டும் தனித்தனி. வீட்டு உபயோகத்துக்கு, வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிறவருக்கு, என் கணிப்பில் ரியோபி 18 போதும். 1996 முதல் பேட்டரியின் வடிவத்தை அவர்கள் மாற்றவில்லை, புல்வெட்டி முதல் டயருக்குக் காற்றடிப்பது வரை அதிலேயே ஓடும். ஒரு குறை, பேட்டரியின் தண்டு கைப்பிடிக்குள் நுழைவதால் பிடி சற்றுத் தடிமன். சிறிய கைக்கு மகிட்டாவோ டீவால்ட்டோ இதமாக இருக்கும். கடையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். தினமும் தச்சு வேலை செய்கிறவர் என்றால் பதில் வேறு.

முதலில் டிரில், இம்பாக்ட் டிரைவர், இரண்டு பேட்டரி, சார்ஜர் சேர்ந்த பெட்டியாக வாங்குங்கள். தனியாக வாங்கினால் பேட்டரி விலையே கருவியை முந்திவிடும். ஃபாதர்ஸ் டே, பிளாக் ஃப்ரைடே சமயத்தில் 'பேட்டரி வாங்கினால் கருவி இலவசம்' என்று போடுவார்கள், இரண்டாவது கருவியை அப்போது எடுங்கள். 'டூல் ஒன்லி' என்று அட்டையில் இருந்தால் உள்ளே பேட்டரி இருக்காது. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பெயரில்லா பேட்டரியைத் தொடாதீர்கள். பிளக்கில் சொருகுகிற எந்தப் பொருளிலும், சார்ஜர் உட்பட, கனடாவின் பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் ஏன் இரண்டு? டிரில்லின் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கும், அது கிளட்ச். 3ல் வைத்தால் ஸ்க்ரூ இறுகியதும் 'டர்ர்' என்று நழுவி நிற்கும். ஐகியா கடை மரச்சாமான்களின் மரத்தூள் பலகைக்கு அதுதான் சரி. இம்பாக்ட் டிரைவருக்குப் பெரும்பாலும் அந்த நிதானம் கிடையாது, உள்ளே சுத்தியல் அடித்துக்கொண்டே முறுக்கும். 3 இன்ச் ஸ்க்ரூவை 2x4ல் இறக்க அதைப் போல எதுவும் இல்லை, பலகை அலமாரியைப் பிளக்கவும் அதைப் போல எதுவும் இல்லை. சத்தம் காதைத் துளைக்கும், காதடைப்பான் போடுங்கள். கதவுப் பூட்டுக்கு 2⅛ இன்ச் துளை வெட்டும் ஹோல் சா வாளை மாட்டும்போது டிரில்லின் மேல் இருக்கும் வேகப் பொத்தானை 1க்குத் தள்ளுங்கள். 2ல் விட்டால் வாள் சிக்கி, டிரில் உங்கள் மணிக்கட்டைத் திருகும்.

ஸ்க்ரூ முடுக்க டிரில்லில் மாட்டும் முனை, அதாவது பிட் விஷயத்தில் கனடாவுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. இங்கே மர ஸ்க்ரூவின் தலையில் சதுரக் குழி. ராபர்ட்சன் என்பவர் 1909ல் காப்புரிமை வாங்கி, ஒன்டாரியோவின் மில்டனிலேயே, உங்களிடமிருந்து கொஞ்ச தூரத்தில், செய்து விற்றது. நிறம் பார்த்து எடுக்க வேண்டும்: மஞ்சள் 1, சிவப்பு 2, கறுப்பு 3. 8ம் நம்பர் ஸ்க்ரூவுக்குச் சிவப்பு, வீட்டு வேலையில் பெரும்பாலும் இதுதான். சிவப்பு பிட்டில் ஸ்க்ரூவைச் சொருகிப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், விழாமல் நிற்கும். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்போது இதன் அருமை தெரியும். ஐகியாவின் பிளஸ் தலையில் நான்கு கைக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ். சாதாரண பிளஸ் பிட்டைப் போட்டால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும், பிஇசட்2 என்று எழுதியதைப் போடுங்கள்.

ஹேமர் டிரில் எப்போது? பேஸ்மென்ட் கான்கிரீட் சுவருக்கும், வெளிச்செங்கல்லுக்கும். நான்கைந்து துளைக்கு டிரில்லில் சுத்தியல் படம் போட்ட நிலை இருந்தால் போதும். கான்கிரீட்டில் நேராக இறங்கும் கால் இன்ச் டாப்கான் ஸ்க்ரூவுக்கு 3/16 இன்ச் கான்கிரீட் பிட், ஸ்க்ரூ இறங்கும் ஆழத்தை விட அரை இன்ச் அதிகம், தூசியை ஊதிவிட்டு முடுக்குங்கள். தூசி தங்கினால் ஸ்க்ரூ பாதியில் முறியும். ஐம்பது துளை என்றால் ஹோம் டிப்போ கடையில் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமரை, கான்கிரீட்டுக்கென்றே உள்ள பலமான டிரில்லை, வாடகைக்கு எடுங்கள்.

அடுத்து வாங்க வேண்டியது ஆஸிலேட்டிங் மல்டி டூல், சின்ன பிளேடு இப்படியும் அப்படியும் வேகமாக அதிர்ந்து வெட்டும் கருவி. சுவரோரப் பட்டியை நடுவில் வெட்ட, ட்ரைவாலில் பெட்டி வெட்ட இதற்கு ஈடில்லை. வட்ட பிளேடு சுழலும் கைவாளான சர்க்குலர் சா அதற்குப் பிறகு. 4 அடிக்கு 8 அடி பிளைவுட்டைக் கடையிலேயே பெரிய துண்டுகளாக வெட்டித் தருவார்கள், காரிலும் ஏறும். வீட்டில் வெட்டினால் தரையில் ஒரு இன்ச் தெர்மோகோல் பலகையை விரித்து, அதன் மேல் பிளைவுட்டை வைத்து, பிளேடு பலகையைத் தாண்டிக் கால் இன்ச் மட்டும் தெரியும்படி ஆழம் வைத்து அறுங்கள். இரண்டு முனையில் ஸ்டூல் கொடுத்து நடுவில் அறுத்தால் பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வும், வாள் உங்களை நோக்கித் தாவும். மேசையில் பொருத்திய வாளான டேபிள் சாவை முதல் வருடம் மறந்துவிடுங்கள்.

கராஜ் பட்டறைக்கு, 2x4ல் அடித்த ஒரு மேசை, நான்கு கிளாம்ப், இரண்டடி ரசமட்டம், நல்ல வெளிச்சம் போதும். கரண்ட் கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண சர்க்யூட் 15 ஆம்ப், அதாவது 1800 வாட். வயர் உள்ள வாளையும் தூசி இழுக்கும் வேக்குவத்தையும் ஒரே சர்க்யூட்டில் போட்டால் பிரேக்கர் விழும். நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லியதாக இருந்தால் மோட்டார் சூடாகும். 50 அடி வரை 14 கேஜ், அதற்கு மேல் 12. எண் குறைந்தால் வயர் தடிமன்.

குளிர்காலம் வந்தால் பேட்டரியைக் கராஜில் விடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம், செல்லின் உள்ளே இருக்கும் கார்பன் தகட்டுக்குள் போகாமல் அதன் மேலே உலோகமாகப் படியும். கொள்ளளவு போய்விடும், திரும்பி வராது. நல்ல சார்ஜர் ஏற்ற மறுத்து விளக்கைச் சிமிட்டும். அது பழுது அல்ல. வீட்டுக்குள் கொண்டுவந்து சில மணி நேரம் விட்டு, தொட்டால் குளிராமல் இருக்கும்போது சொருகுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். படுக்கையறையிலும் வாசல் வழியிலும் இரவு முழுக்கச் சார்ஜ் வேண்டாம். செத்த பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது, பெரிய ஹார்டுவேர் கடைகளில் அதற்கென்று பெட்டி இருக்கும்.

பேஸ்மென்டில் ட்ரைவாலைத் தேய்க்கும் நாளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸை நிறுத்தி, காற்றை இழுக்கும் கிரில்லைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். இல்லாவிட்டால் மாவு போன்ற தூசி குழாய் வழியே மாடிப் படுக்கை வரை போகும். வேலை முடிந்ததும் ஃபில்டரை மாற்றுங்கள். வேக்குவத்தில் நுண்தூசிப் பை இல்லை என்றால் முன்னால் இழுத்ததைப் பின்னால் ஊதும். உங்கள் வீடு 1990க்கு முன் கட்டியது என்றால் பழைய தரை ஓடு, சுவர்ப்பூச்சு, அட்டிக் நிரப்பு எதையும் வெட்டுவதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை செய்யுங்கள்.

அப்பாவுக்குக் கொடுத்தனுப்புவது பற்றி. சார்ஜரைப் புரட்டி 'இன்புட்' வரியைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் கோயம்புத்தூரில் சொருகியவுடன் போய்விடும். டிரில் செக்-இன் பெட்டியில் போகலாம், கழற்றிய பேட்டரி விமானத்துக்குள் எடுத்துப்போகும் கைப்பையில்தான், முனைகளில் டேப் ஒட்டி. லேபிளில் 100 வாட்-அவருக்குள் இருந்தால் தடையில்லை, 160 வரை ஏர்லைன் அனுமதி வேண்டும். அங்கே வாரண்டி செல்லாது, அதே பேட்டரி கிடைக்குமா என்பதும் பிராண்டைப் பொறுத்தது. மகிட்டாவும் பாஷும் ஊர்க் கடையிலேயே இருக்கின்றன, பணத்தை அனுப்பி காந்திபுரத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பா பெட்டியில் மிச்சமாகும் இடத்தில் ஒரு டப்பா சிவப்பு ராபர்ட்சன் ஸ்க்ரூவும் நாலைந்து பிட்டும் வையுங்கள், அங்கே ஆசாரிகள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.