கல்யாண நாளுக்கு இலைச் சாப்பாடு போதாதா?

கேள்வி: எங்கள் 10-ஆவது திருமண நாளன்று மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, நான் என ஐந்து பேரும் ஒரு சாதாரண சைவ ஹோட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். பில் 900 ரூபாயைத் தாண்டவில்லை. எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் என் மைத்துனர், "கல்யாண நாளுக்குமா இலைச் சாப்பாடு? ஒரு ஸ்டார் ஹோட்டல் பஃபேவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. அடுத்த மாதம் மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது. கிரெடிட் கார்டைத் தேய்த்தாவது பெரிய இடத்துக்குப் போகலாமா? நான் செய்தது கஞ்சத்தனமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: கார்டைத் தேய்க்காதீர்கள். நீங்கள் செய்தது கஞ்சத்தனமும் இல்லை. "எல்லோருக்கும் திருப்தி" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேர் வயிறும் மனசும் நிறைந்து எழுந்த ஒரு சாப்பாட்டை, அங்கே வந்து உட்காராத ஒருவர் சொன்ன ஒற்றைப் பேச்சுக்காகக் குறைத்து நினைக்கத் தொடங்கிவிட்டீர்களே, எனக்கு அதுதான் வருத்தம்.

உங்கள் மனைவியின் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் தோசை சுடும் ஒரு ராத்திரி எப்படிப் போகிறது? முதலில் பிள்ளைகளுக்கு. அப்புறம் உங்களுக்கு முறுகலாக இரண்டு. அம்மாவுக்கு எண்ணெய் குறைத்து, மெத்தென்று ஒன்று. எல்லோரும் கை கழுவிய பிறகு, மாவுப் பாத்திரத்தை வழித்து ஊற்றிய கடைசித் தோசைதான் அவருக்கு. அதற்குள் சட்னி தீர்ந்திருக்கும். இட்லிப் பொடியைத் தொட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே பாதி வீடுகளில் பெண்கள் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். உங்கள் வீடு அப்படி இல்லையென்றால் சந்தோஷம்.

நீங்கள் போன ஹோட்டலில் ஐந்து இலையும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும். தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் வரிசையாக வந்திருக்கும். சாதத்தில் ஆவி பறக்கும்போதே அவர் இலையிலும் சாம்பார் விழுந்திருக்கும். ரசத்துக்குச் சாதத்தில் குழி பறித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்த நேரத்தில், வாளியோடு ஒருவர் வந்து ஊற்றியிருப்பார். "இன்னும் கொஞ்சம் கூட்டு வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டிருப்பார். மூன்று வேளையும் அடுத்தவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரு பெண்ணிடம் அன்றைக்கு வேறொருவர் கேட்டார். எழுந்ததும் பாத்திரம் தேய்க்கிற வேலையும் இல்லை. பத்து வருஷக் குடும்ப வாழ்க்கையைக் கொண்டாட இதைவிட என்ன வேண்டும்? இதைக் கொடுக்க நட்சத்திரம் தேவையில்லை. சுத்தமான சமையல்கட்டும், முகம் சுளிக்காத ஒரு சப்ளையரும் இருந்தால் போதும்.

இலைச் சாப்பாட்டில் இன்னொரு நிம்மதி உண்டு. உட்காரும்போதே விலை முடிந்துபோகிறது. முழுச் சாப்பாடு என்றால் சாதம், குழம்பு, பொரியல் எத்தனை முறை கேட்டாலும் அதே காசுதான். அதனால் அப்பாவின் கண் மெனு கார்டின் விலை வரிசையில் ஓடுவதில்லை. பிள்ளைகளும் அப்பா முகத்தைப் பார்த்துப் பார்த்து ஆர்டர் சொல்வதில்லை. குழந்தைகள் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். நன்றாகவே கவனிக்கிறார்கள். "எனக்கு இது வேண்டாம்பா, இட்லியே போதும்" என்று எட்டு வயதுப் பிள்ளை சொன்னால், அது பசியில்லாமல் சொல்வதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பஃபேயில் என்ன நடக்கும்? தலைக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு 7,500. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 8,850 ரூபாய். பிள்ளைகளுக்குச் சலுகை இருந்தால் கொஞ்சம் குறையும். நீங்கள் போன மாதிரி சாதாரண ஹோட்டல்களுக்கு, ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2017 நவம்பர் 15 முதல் 5 சதவீதம்தான். அந்த 8,850 ரூபாயைக் கார்டில் போட்டு முழுசாகக் கட்ட முடியாமல் விட்டால், மாதம் 3 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி ஏறும். இந்தக் கணக்கெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுவீர்களா? "இவ்வளவு காசு கொடுத்திருக்கோம், இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு" என்று பிள்ளையை அதட்டுவீர்கள். அம்மா ஒரு கரண்டி தயிர்சாதத்தோடு கை கழுவினால் உங்களுக்கே எரிச்சல் வரும். பாவம், அவர் என்ன செய்வார்?

உங்கள் மைத்துனர் இளப்பமாகச் சொன்ன அந்தச் சாதாரண ஹோட்டலும் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. இந்த ஊர்களில் ஹோட்டல் என்பது வெகுநாள் எல்லோருக்கும் பொதுவான இடமாக இருந்ததில்லை. பலகையில் "பிராமணாள்" என்று எழுதி வைத்திருந்தார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பெயர்ப் பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி 1957-இல் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பெண்களோடு வருகிறவர்களுக்குத் திரை போட்ட "ஃபேமிலி ரூம்" தனியாக இருந்த காலத்தைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்றைக்கு யார் எவர் என்று கேட்காமல், ஒரே கூடத்தில் அடுத்தடுத்து இலை போடுகிறார்கள். பாட்டி, மருமகள், பேரப்பிள்ளை என்று குடும்பத்தோடு போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. இதைப் போய்ச் சாதாரணம் என்று நாம் சொல்லலாமா?

உங்கள் மனைவிக்கோ மகளுக்கோ அந்தப் பெரிய ஹோட்டலைப் பார்க்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தால் விஷயம் வேறு. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். மாதம் 750 ரூபாய் ஒதுக்கி, அடுத்த வருஷம் கையில் காசோடு போய் வாருங்கள். அங்கே பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்துவிட்டது. மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

ஆனால் ஆசை அவர்களுடையதா, மைத்துனருடைய வாயை அடைக்க வேண்டும் என்ற உங்களுடையதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் மைத்துனர் சொன்னது இருக்கிறது. மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லையே!

கஞ்சத்தனம் எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கையில் காசை வைத்துக்கொண்டு, பிள்ளை ஆசையாகக் கேட்ட ஒரு பாதாம் பாலுக்கு "வீட்டில் போய்க் குடிக்கலாம்" என்பது கஞ்சத்தனம். இரண்டாம் முறை அப்பளம் கேட்ட அம்மாவைச் சங்கடமாகப் பார்ப்பது கஞ்சத்தனம். காலையிலிருந்து நின்றுகொண்டே பரிமாறுகிறவருக்குப் பத்து ரூபாய் வைக்காமல் எழுந்து வருவதும் அப்படித்தான். 900 ரூபாயில் ஐந்து பேரை மனசு நிறைய வைத்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மகள் பிறந்தநாளுக்கு வருவோம். எங்கே போகலாம் என்பதை அவளே சொல்லட்டும். நெய் ரோஸ்ட்டைக் கூம்பு மாதிரி நிற்கவைத்துக் கொண்டுவருவார்களே, அதுதான் வேண்டும் என்பாள். அல்லது புஸ்ஸென்று உப்பிய சோலாபூரி கேட்பாள். முதல் ஆர்டர் அவளுடையதாக இருக்கட்டும், அவள் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மட்டும் போக வேண்டாம். நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றுகொள்ளும், வயசான அம்மாவால் அவசரமாகச் சாப்பிட முடியாது. பன்னிரண்டு மணிக்கே போய்விட்டால் பொரியலும் சூடாக இருக்கும், பரிமாறுகிறவர்களும் களைத்திருக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஊட்டுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் மனைவியின் சாப்பாடு ஆறித்தான் போகும்.

சாப்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்குத் திரும்பாதீர்கள். திருச்சியில் இருக்கிறீர்கள், மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. பர்ஸைக் கடிக்காத விலைதான். எல்லோருக்கும் ஆளுக்கொன்று வாங்குங்கள், பங்கு வேண்டாம். மைத்துனரையும் இந்த முறை குடும்பத்தோடு கூப்பிடுங்கள். வந்தால் அவருக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்கள்.