மனுவில் எதற்கெல்லாம் கேப்பிட்டல்?

கேள்வி: ஏரி தூர் வாரச் சொல்லி கலெக்டருக்கு ஆங்கிலத்தில் மனு டைப் செய்தோம். ஜெராக்ஸ் கடைக்காரர் டிஸ்ட்ரிக்ட், கவர்ன்மெண்ட், டேம், லேக் என்று எல்லாவற்றுக்கும் கேப்பிட்டல் எழுத்து போட்டுவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் பாதி தப்பு என்கிறாள். யார் சொல்வது சரி?
– பாலக்கோடு வாசகர்

பதில்: மகள் பக்கம்தான் நியாயம், ஆனால் இதற்காக யாரும் மனுவைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். (1956லேயே தமிழை ஆட்சிமொழியாக்கி சட்டம் போட்டாயிற்று, தமிழிலேயே எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை!)

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதும் சொல் ஒன்றுக்கு மட்டுமே உரிய முழுப்பெயரில் வருகிறதா என்று பாருங்கள், ஆமென்றால்தான் கேப்பிட்டல். 'வாட்டர் ரிசோர்சஸ் டிபார்ட்மெண்ட்' என்று முழுசாக எழுதினால் மூன்று சொல்லுக்கும் கேப்பிட்டல், அடுத்த வரியில் வெறும் 'டிபார்ட்மெண்ட்' என்றால் சின்ன எழுத்து போதும். 'கவர்ன்மெண்ட் ஆஃப் தமிழ்நாடு' என்பதில் நடுவிலுள்ள 'ஆஃப்' மட்டும் சின்னது, தமிழ்நாட்டை இரண்டு சொல்லாகப் பிரித்து இரண்டுக்கும் பெரிய எழுத்து. 'கே.ஆர்.பி. டேம்' என்பது கிருஷ்ணகிரி அணையின் பெயர், அதனால் 'டேம்' பெரியது. பொதுவாக 'அணை நிரம்பியது' என்று எழுதும்போது சின்னது. உங்கள் ஏரிக்கும் இதே கணக்குதான். திசையும் இப்படித்தான், ஊருக்கு வடக்கே என்றால் 'நார்த்' சின்னது, பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரில் வரும்போது பெரியது.

'தர்மபுரி டிஸ்ட்ரிக்ட்' விஷயத்தில்தான் சண்டை. அரசு ஆணைகளில் 'டி' பெரியதாக வரும், பல பத்திரிகைகள் சின்னதாகப் போடும். இரண்டுமே செல்லும், ஒரே மனுவில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான். கலெக்டர் பதவிக்கு, முகவரியில் எழுதும்போது தாராளமாகப் பெரிய எழுத்து போடுங்கள், அது மரியாதை.

கேள்வி: அரூருக்கு ஆங்கிலத்தில் முன்னால் ஒரு 'எச்' எதற்கு? என் பத்திரத்தில் அதை எடுத்துவிடலாமா?
– அரூர் வாசகர்

பதில்: வேண்டாம். 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புது எழுத்துக்கூட்டலைப் பார்த்த ஜனங்கள் கிண்டலடித்ததில் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டது. நீங்கள் மட்டும் தனியாக 'எச்'சை நீக்கினால் அப்புறம் பட்டா, ஆதார் எல்லாவற்றோடும் பொருந்தவில்லை என்று நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.