அத்தையிடம் யாராவது கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு வயது 41. பினாங்கு பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு. அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால் என்னையும் அண்ணனையும் வளர்த்தது அப்பாவின் அக்காதான். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது 77 வயது. நினைவெல்லாம் தெளிவு. இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கிறார். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறார். எனக்குத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. கணவர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் மூன்று இரவு வெளியூர். மகளுக்கு 14, மகனுக்கு 11. என் விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. பூச்சோங்கில் இருக்கும் அண்ணன், "பட்டர்வொர்த் பக்கம் கட்டணம் குறைவான இல்லம் இருக்கிறது, பணம் நான் கட்டுகிறேன்" என்கிறார். சின்னம்மாவோ, "வளர்த்தவளையே கொண்டுபோய்த் தள்ளப் போறியா?" என்கிறார். நான் என்ன செய்ய?
பெயர் வேண்டாம், பாயான் பாரு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணன் சொன்னது இருக்கிறது, சின்னம்மா சொன்னது இருக்கிறது. அத்தை என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. உடைந்தது எலும்புதான், நினைவு தெளிவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் அவரிடம்தான் பேச வேண்டும்.

ஆனால் "இல்லத்துக்குப் போகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "உங்களுக்குப் பாரமா இருந்தா போயிடுறேம்மா" என்றுதான் அந்தக் காலத்துப் பெண்கள் சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ராத்திரி எழுந்திருக்கப் பயமாக இருக்கிறதா? பகலில் எவ்வளவு நேரம் தனியாக இருக்க முடியும்? வெளியாள் குளிப்பாட்டினால் கூச்சமாக இருக்குமா? ஒரே நாளில் எல்லாம் வராது. பசியாறும்போது ஒன்று, தலை வாரிவிடும்போது ஒன்று என்று வரும்.

வீடா, இல்லமா என்பதை நான் ஊர்ப்பேச்சை வைத்துப் பார்க்க மாட்டேன். விடியற்காலை 2 மணிக்கு அத்தையைக் கழிவறைக்கு யார் கூட்டிப் போவார்கள் என்பதை வைத்துத்தான் பார்ப்பேன். ஒரு காலண்டரை எடுத்து உங்கள் இரவு ஷிஃப்டையும் கணவர் வெளியூரில் இருக்கும் இரவுகளையும் குறித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வரும் இரவுகள் மாதத்தில் நாலைந்தாவது இருக்கும். அந்த இரவுகளில் உங்கள் மகள்தான் நர்ஸ். 14 வயதுப் பெண்மேல் அந்தப் பொறுப்பை வைக்கக் கூடாது. அவள் தூங்கிவிட்டால், அத்தை தனியாக எழுந்து இன்னொரு முறை விழுந்தால், அந்தப் பிள்ளை அதை ஆயுசுக்கும் சுமப்பாள்.

அதனால் முதல் வேலை தொழிற்சாலையில். வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் வாய்மொழியாக சூப்பர்வைசரிடம் கேட்டு "முடியாது" என்று வாங்கிவருவதும் இதுவும் ஒன்றல்ல. பகல் ஷிஃப்ட் மட்டும் வேண்டும் என்று எழுதுங்கள், அத்தையின் மருத்துவக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டால் என் ஓட்டு வீட்டுக்குத்தான். அண்ணன் இல்லத்துக்குக் கட்டத் தயாராக இருக்கும் பணத்தில், உங்கள் பிளாக்கிலோ பக்கத்திலோ இருக்கும் ஓர் அக்காவைப் பகலில் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பணிப்பெண் வைப்பதாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள். பகல் முழுக்க வேலை செய்தவர் இரவிலும் மூன்று முறை எழுந்தால் எத்தனை நாள் தாங்குவார்? அவரும் ஒரு மனுஷிதானே.

வீட்டில் இருப்பது குந்தும் கழிவறை என்றால் அத்தையைக் குந்த விடாதீர்கள். அடியில் திறப்புள்ள கமோட் நாற்காலியை அதன்மேல் போடலாம். இரவில் அதையே கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பயம் போய்விடும். சுவரில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, ராத்திரி விளக்கு எல்லாம் இந்த வாரமே வேண்டும். ராத்திரியில் எழுந்திருப்பதையே குறைக்க வழி உண்டா, மாத்திரை எதுவும் தலைசுற்ற வைக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிசியோதெரபி தேதி ஒன்றையும் தவறவிடாதீர்கள். இந்த முறிவுக்குப் பிறகு முதல் சில மாதங்களில் எவ்வளவு நடக்கிறாரோ அவ்வளவுதான் கால் திரும்பி வரும். படுக்க வைத்தே கவனித்தால் சதை கரையும், புண் வரும், சளி நெஞ்சில் கட்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 பட்ஜெட்டில் மாதம் 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. வருமானம் இல்லாத, தாங்கிக்கொள்ளக் குடும்பத்துக்கும் வசதி இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு அது. அத்தைக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை என்பதால் மாவட்ட அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். வருமான வரியில் பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, 2025 கணக்கிலிருந்து தாத்தா பாட்டிக்கும் உண்டு. அத்தைக்குக் கிடையாது. தாயாக நின்று வளர்த்தவருக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

சரி, பகல் ஷிஃப்ட் கிடைக்கவில்லை, இரவுக்கும் ஆள் அமையவில்லை என்றால்? இல்லம்தான். அதைத் தள்ளிவிடுவது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பட்டர்வொர்த்தில் வேண்டாம், நீங்கள் இருக்கும் தீவிலேயே பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து பாலத்து நெரிசலைத் தாண்டி வாரத்தில் எத்தனை நாள் போவீர்கள்? மலிவாகக் கிடைக்கிறது என்று தூரத்தில் சேர்த்தால் நீங்கள் போய்ப் பார்ப்பது குறையும், அத்தையின் முகம் வாடும். அண்ணனிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

என் அம்மாவையும் கோலாலம்பூரில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். தரை பளபளவென்று இருந்தது, எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். ஒருநாள் தம்பி வேலைக்குப் போகும் வழியில் காலை 5 மணிக்கு எட்டிப் பார்த்தான். அம்மா ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வருவதற்குள் எல்லாரையும் 4 மணிக்கே குளிப்பாட்டி முடித்துவிடுவார்களாம். அம்மா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வாரமே வேறு இடம் பார்த்தோம், அங்கே நன்றாகவே இருந்தார். அதனால், சொல்லாமல் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை.

1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகாவில் பதிந்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா, தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் என்று கேளுங்கள். பெம்பர்ஸ், பால் மாவு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் செலவு எல்லாம் மாதக் கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நம்மவர்கள் கேட்க மறப்பது மொழியை. இரவுப் பணியாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அத்தைக்கு பஸார் மலாய் வரும் என்றாலும், வலி வரும் நேரத்தில் வாயில் வருவது தாய்மொழிதான். "குத்துது", "சுருக்குன்னுது", "மரத்துப்போச்சு" என்பதற்கெல்லாம் வலி என்பதற்கான "சாக்கிட்" என்ற ஒரே மலாய்ச் சொல் போதுமா? தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸியாவது (நர்ஸ்), ஒரு சமையல்காரராவது இருக்கும் இடமாகத் தேடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு, வெள்ளிக்கிழமை சைவத்துக்கு என்ன செய்வார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சேர்த்தாலும் முதலில் மூன்று மாதத்துக்கு என்று பேசிச் சேர்த்துவிடுங்கள். அதற்குள் நடை தேறலாம், ஷிஃப்ட் மாறலாம், அத்தையே "இங்கேயே இருக்கேன்" என்றும் சொல்லலாம். சின்னம்மாவிடம் வாதாட வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவு வந்து அத்தையோடு படுத்துக்கொள்ள முடியுமா என்று நிஜமாகவே கேளுங்கள், வந்தாலும் வருவார்.

இல்லம் பார்க்கக் கிளம்பும்போது அத்தையையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏறி இறங்கச் சிரமம்தான், பரவாயில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்க்கட்டும், சமையலறையை எட்டிப் பார்க்கட்டும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசட்டும். திரும்பி வரும் வழியில் எங்காவது ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் பேசும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.