யாழ்ப்பாணத்துப் பெண்ணை மணந்து, முகவர் இல்லாமல் நானே கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யலாமா?

செய்யலாம் தம்பி. நானே படிவங்களை நிரப்பித்தான் என் கணவரைப் பருத்தித்துறையிலிருந்து ஸ்காபரோவுக்கு அழைத்துக்கொண்டேன். வருமானம் குறைவு, பெண்ணுக்கு இது இரண்டாவது திருமணம், இப்போது எழுத்தை, அதாவது விவாகப் பதிவை, மட்டும் வைத்துவிட்டுக் கல்யாணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வீட்டார் சொல்கிறார்கள், முகவர் 4,000 டொலர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் உங்களைத் தூங்கவிடாத வருமானம்தான் மிகச் சிறியது. போகிற போக்கில் சொன்ன எழுத்துத்தான் பெரியது.

பெற்றோரை அழைப்பதற்கு இருப்பதுபோல் கணவன் மனைவியை அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது. அரச உதவிப் பணத்தில் வாழ்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. உடற்குறைபாட்டுக்காகப் பெறும் உதவி மட்டும் விலக்கு. நான் முதியோர் இல்லமொன்றில் பகுதிநேர வேலையில் இருந்தபோதுதான் விண்ணப்பித்தேன். 2022இல் அரசுக் கட்டணம் 1,080 டொலர், கைரேகைக்குத் தனியாக 85. 2024 ஏப்ரல் 30 அன்று அந்த 1,080 என்பது 1,205 ஆனது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். கட்டும் நாளில் அரசு இணையத்தளத்தைப் பார்த்துக் கட்டுங்கள்.

இனி எழுத்து. நம் ஊரில் விவாகப் பதிவை முன்கூட்டியே முடித்துவிட்டு, தாலி கட்டுவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது சாதாரணம். பதிவு நாளிலிருந்து சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. படிவத்திலும் அந்தத் தேதியைத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் படிவம் அதோடு நிற்பதில்லை. யார் பேசிவைத்தது, முதலில் எங்கே பார்த்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், விருந்து நடந்ததா, இரு பக்கத்துப் பெற்றோரும் இருந்தார்களா என்று வரிசையாகக் கேட்கும். பதிவாளரோடும் இரண்டு சாட்சிகளோடும் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கட்டங்களை எதைக்கொண்டு நிரப்புவீர்கள்? சட்டம் அதைத் தடுக்கவில்லை. இருந்தாலும், என் தம்பியாக இருந்தால் தாலி கட்டிய பிறகே விண்ணப்பத்தை அனுப்பு என்றுதான் சொல்வேன். இன்னொன்று: இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ செய்த திருமணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா இதற்கு ஏற்பதில்லை. நீங்கள் நேரில் போயே ஆகவேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எனக்கு நடந்தது. நானும் விவாகரத்தானவள்; என் கணவரைவிட நான்கு வயது மூத்தவள். 2022 ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் எங்களுக்குத் திருமணம். இலங்கையில் எரிபொருள் இல்லாத காலம் அது. ஜூன் இறுதியில் தனியார் வாகனங்களுக்குப் பெட்ரோல் விற்பதையே அரசு நிறுத்திவைத்திருந்தது. மண்டபத்தைக் கைவிட்டோம். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கை வீட்டோடு முடித்தோம். கோவிலில் தாலி கட்டும்போது முப்பத்து நான்கு பேர், ஏறக்குறைய எல்லோரும் சைக்கிளில் வந்தவர்கள். மாமா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரவெட்டியிலிருந்து மிதித்து வந்தார். தள்ளிப்போட வழியில்லை, ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை, ஆவணி வரை என் விடுமுறை நீளாது.

இதில் ஒரு வரியைக்கூட நான் படிவத்தில் எழுதவில்லை. விருந்தினர்: 34. விருந்து: இல்லை. அவ்வளவுதான் எழுதினேன். பெட்ரோல் வரிசையை உலகமே தொலைக்காட்சியில் பார்த்ததே, சொல்ல வேண்டுமா என்று நினைத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மணமகள் மூத்தவர், முன்பு மணமானவர், மணமகனுக்கு முதல் திருமணம், விருந்தினர் மிகக் குறைவு, வரவேற்பு நடக்கவில்லை. உங்கள் சமூகத்தின் வழக்கத்துக்கு இது பொருந்தவில்லையே, முப்பது நாளில் பதில் தாருங்கள் என்பது அதன் சாரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்த பிறகு யோசித்தால் அதிகாரி கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. குடிவரவு ஒழுங்குவிதிகளின் நான்காம் பிரிவு இரண்டைப் பார்க்கச் சொல்கிறது: திருமணம் உண்மையானதா, குடிவரவுப் பயனையே முதன்மை நோக்கமாகக் கொண்டு செய்ததா. ஒன்றில் பிசகினாலும் மறுக்கலாம். அவர் கையில் இருப்பது காகிதம் மட்டுமே. ஆடியில் ஏன் தாலி கட்டமாட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எரிபொருள் நிறுத்தம் பற்றிய செய்தித்தாள் நறுக்குகள், குருக்களின் கடிதம், கோவில் மதிலில் சைக்கிள்கள் சாத்தியிருக்கும் படம், என் முதல் திருமணம் ஏன் முறிந்தது, அதை என் கணவரிடம் எப்போது சொன்னேன் என்ற நான்கு பக்கக் கடிதம், அடுத்த தையில் நான் மீண்டும் ஊருக்குப் போய்வந்த பயணச் சீட்டு, எல்லாவற்றையும் அனுப்பினேன். பிறகு என் கணவரை நேர்முகத்துக்கு அழைத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் கேட்டார்கள். நான் எந்த நாட்களில் இரவு வேலை, என் முதல் திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது, அவருடைய அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவார். தினமும் பேசிய மனிதர், தடுமாறாமல் சொல்லிவிட்டார். ஏழு வாரத்தில் அனுமதி வந்தது.

ஆகவே, உங்கள் மனைவியின் முதல் திருமணத்தை மறைக்காதீர்கள். மெல்லிய எழுத்தில் ஒரு மூலையிலும் ஒளிக்காதீர்கள். விவாகரத்துத் தீர்ப்பை மொழிபெயர்ப்போடு வையுங்கள், உங்கள் வீட்டார் முதலில் என்ன சொன்னார்கள், எப்படிச் சம்மதித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அவருக்குப் பிள்ளை இருந்தால், கூட வராவிட்டாலும் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் பின்னாளில் அந்தப் பிள்ளையைக் குடும்ப உறுப்பினராக அழைக்கும் வழி அடைபட்டுப்போகலாம். புகைப்படம் இருபது, உரையாடல் பத்துப் பக்கம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பட்டுச்சேலைப் படங்களாலேயே இருபதையும் நிரப்பாமல், வீட்டுக் குசினியில் இரு குடும்பமும் நிற்கும் படங்களைச் சேருங்கள். தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். உறவினர் மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள்.

கையொப்பமிடும்போது ஒன்றை நிதானமாகப் படியுங்கள். மனைவி நிரந்தர வதிவிடம் பெறும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு நீங்கள் பொறுப்பு. இடையில் பிரிந்தாலும் அது நீங்காது. அவர் அரச உதவி பெற்றால் அந்தப் பணத்தை உங்களிடம் கேட்பார்கள். அவரிடமும் ஒன்றைச் சொல்லிவையுங்கள், இதை நான் ஒவ்வொரு மாப்பிள்ளையிடமும் கேட்டுக்கொள்கிறேன். முன்பு புதிதாக மணந்து வந்தவர்கள் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்றொரு நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். உண்மையான திருமணத்தில் வந்த பெண்ணை, வதிவிடம் கிடைத்த பிறகு, ‘திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று எந்தக் கணவனும் மிரட்ட முடியாது. அது தெரியாமல் அடியும் உதையும் தாங்கியிருந்த பெண்களை நான் அறிவேன். உங்கள் மனைவி இங்கே வந்திறங்கும் முன்பே அதை உங்கள் வாயால் கேட்கட்டும்.

முகவரைப் பற்றி: பணம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வழக்கறிஞர், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் போன்ற அங்கீகாரம் பெற்றவர்களுக்குத்தான் அனுமதி. ஆலோசகர் என்றால் அவர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பின் (College of Immigration and Citizenship Consultants) இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் விண்ணப்பத்தில் சிக்கலான குற்றப்பதிவோ பழைய மறுப்போ இல்லை என்றால் எனக்குத் தெரிந்தவரை 4,000 டொலர் தேவையில்லை. மனைவி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் வகையில் மறுப்பு வந்தால், குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக உங்களுக்கு முப்பது நாள் உண்டு. வழக்கறிஞருக்கான பணத்தை அந்த நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

அனுப்பும் முன் ஒவ்வொரு கையொப்பத்தையும் இன்னொருவரைக் கொண்டு சரிபாருங்கள். ஒன்று விடுபட்டாலும் முழுப் பொதியும் திரும்பி வரும், வரிசையில் பிடித்த இடமும் போய்விடும். திருமணத்துக்கு முன் ஏதாவது கட்டத்தில் தடுமாறினால் கேளுங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.