வருத்தம் இல்லாத நேரத்திலேயே ஜீபியில் பதியுங்கள், தம்பி

திருகோணமலை உப்புவெளியில் இருந்து லண்டனுக்குப் படிக்க வந்து மூன்று கிழமை, வாடகை, பகுதிநேர வேலை, குளிர் உடுப்பு என்று எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஜீபியில், அதுதான் குடும்ப டொக்டரிடம், இப்பவே பதிய வேணுமா?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் கூட இருக்கிற பெடியன்கள் சொல்லித் தருவார்கள். இதற்கு மட்டும் நான் எழுதுகிறேன், 2020 தையில் வந்திறங்கியபோது நானும் இப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 23 நாடே லொக்டவுன். அதற்கு ஒரு கிழமை முன்பே, அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிகளுக்கு அறிவித்தல் போய்விட்டது, கட்டில்கள் கொரோனா நோயாளிகளுக்கு வேண்டுமே. சித்திரையில் எனக்கு வலது விலாவுக்குக் கீழே குத்தத் தொடங்கியது. பதிந்த ஜீபி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிவிடும் என்ற பயம் வேறு. பனடோலைப் போட்டு மூன்று கிழமை இழுத்து, தாங்க முடியாத ஒரு இரவில்தான் 111 என்ற மருத்துவ உதவி இலக்கத்துக்கு அடித்தேன். பித்தப்பையில் கல். உயிருக்கு உடனே ஆபத்தில்லை என்று காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டு அனுப்பினார்கள். 18 கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எனக்குக் கத்தி வைத்தது 2021 ஐப்பசியில்.

அந்த நெரிசல் இன்னும் தீரவில்லை. கொரோனாவுக்கு முன் இங்கிலாந்தில் பட்டியல் ஏறத்தாழ 45 இலட்சம், 2023 செப்டெம்பரில் 77 இலட்சத்தைத் தாண்டியது, அதற்குப் பிறகும் பெரிதாக இறங்கவில்லை. திருகோணமலையில் பின்னேரம் காசு கட்டிப் பதிந்து, சனல் பண்ணி, ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பது போல இங்கே முடியாது, பெரும்பாலும் ஜீபி கடிதம் எழுதினால்தான் வரிசையிலேயே நிற்கலாம். ஆகவே இந்தக் கிழமையே பதியுங்கள். விலாசத்துக்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பினால், அது கட்டாயமில்லை என்று தன்மையாகச் சொல்லுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண் கட்டித்தானே வந்தீர்கள், இது உங்கள் உரிமை. வரிசையில் நிற்கும்போது நோவு கூடினால் பேசாமல் இருக்காமல் திரும்ப அறிவியுங்கள்.

அப்புறம், ஊரில் இருந்து அன்டிபயோட்டிக் கட்டிக்கொண்டு வந்து ஆளுக்கு ஆள் பங்கு போடுகிற எங்கள் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். இருபது வருடம் இங்கே இருந்தவர்கள் சொன்னாலும் வாங்கிப் போடாதீர்கள். எனக்கும் ஒருவர் தந்தார், கல்லுக்கு அது என்ன செய்யும்?

அதே நாட்களில் ஊரிலும் ஊரடங்கு. அம்மா கிளினிக்கில் எடுக்கிற பிரஷர் குளிசை தபாலில் வீட்டுக்கே வந்தது. படலையில் நின்று பெயரைக் கேட்டுத் தந்துவிட்டுப் போனார்கள் என்று அம்மா போனில் நாலு தரம் சொன்னா. எனக்கு நோகிறது என்று நான் வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அடுத்த வெள்ளி பத்திரகாளி அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, ஏன் மறைத்தாய் என்று கேட்டுக் கேட்டு அழுதா.