பேராசிரியருக்குப் பாட்டு எதற்கு?

கேள்வி: நான் பணியாற்றிய கல்லூரியில் வரலாற்றுத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர், வார இதழில் சினிமாப் பாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "எரிக் ஹாப்ஸ்பாமே ஜாஸ் விமர்சனம் எழுதினாரே சார்" என்கிறார். அது அவருக்குப் பொழுதுபோக்குதானே? ஆய்வு செய்ய வேண்டிய நேரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?
(ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி)

பதில்: லண்டன் நியாயம், ஐயா.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியரான ஹாப்ஸ்பாம் 1947 முதல் பாடம் நடத்தியது லண்டன் பர்க்பெக் கல்லூரியில். 1823இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கல்விக்கூடம் ஒன்று வளர்ந்து கல்லூரியானது அது. பகலெல்லாம் எங்கோ வேலை பார்த்துவிட்டு மாலை 6 மணிக்கு மேல் வந்து உட்காருபவர்கள்தான் மாணவர்கள். வகுப்பு முடிய இரவு 9 ஆகிவிடும்.

நானும் மாலைக் கல்லூரியில் படித்தவன். எங்கள் வரலாற்று வாத்தியார் பழுப்பேறிய நோட்டைப் பிரித்து அதில் உள்ளதை அப்படியே வாசிப்பார். எட்டு மணிக்கெல்லாம் பின்வரிசையிலிருந்து குறட்டை வரும். குறட்டைக்காரருக்குப் பகலில் சைக்கிள் கடை. டயர் டியூபோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனிதர். அவர் மேல் தப்பில்லை. தூக்கத்தைக் கலைக்கிற மாதிரி வாத்தியாரிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?

இந்த மாதிரி ஆட்களை வருஷக்கணக்காக விழிக்க வைத்ததில்தான் ஹாப்ஸ்பாமின் எழுத்து பழகியது என்பது என் எண்ணம். பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கும் வரலாற்று வரிசையின் முதல் நூல் 1962இல் வந்தது. உலகம் இன்றைக்கு இப்படி இருப்பது எப்படி, ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பும் படித்த குடிமக்களுக்காக எழுதியது என்று அதன் முன்னுரையில் சொல்கிறார். அந்தக் குடிமக்களைக் கற்பனை செய்ய அவர் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார். தினமும் மாலையில் எதிரே உட்கார்ந்திருந்தார்களே.

மாலையில் வகுப்பு என்றால் பகல் படிப்புக்கு. 1950களில் கல்லூரி இருந்த மாலெட் தெருவிலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசக சாலை கூப்பிடு தூரம். ஆங்கிலம் போக ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளிலும் படிப்பவர் அவர். வகுப்பு விட்டதும் மறுபக்கம் நடந்தால் சோஹோ. அங்கே இசை விடுதிகள் களைகட்ட ஆரம்பிக்கிற நேரம். நீங்கள் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் படிப்பும் பாடமும் பாட்டும் அவருக்குக் கால்நடையாகச் சுற்றிவரும் ஒரே வட்டாரத்தில் இருந்தன.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசையான ஜாஸ் மேல் பைத்தியம் அதற்கும் வெகு முன்னால் பிடித்தது. 1929இல் தந்தை போய், 1931இல் தாயும் போய், 1933இல் பெர்லினிலிருந்து உறவினர் குடும்பத்தோடு லண்டன் வந்து சேர்ந்த பையன். அதே வருஷம் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் தன் குழுவோடு லண்டன் வந்தார். புறநகர் நடன அரங்கு ஒன்றில் விடிய விடியக் கச்சேரி. கையில் இருந்த காசுக்கு ஒரு பீர்தான் வாங்க முடிந்தது. அதையே வைத்துக்கொண்டு இரவு முழுக்கக் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் விடியற்காலையில் நாலு மைல் நடந்து வீடு திரும்பியதாக எழுதியிருக்கிறார். வயது 16.

பிறகு 1950களின் நடுவில் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் ஜாஸ் பத்தி எழுத ஆரம்பித்தபோது பிரான்சிஸ் நியூட்டன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். உங்களைப் போன்றவர்கள் அன்று லண்டனிலும் இருந்தார்கள் போலிருக்கிறது. அந்தப் பெயரும் சும்மா வைத்ததல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடும் கொடுமையைப் பற்றி 1939இல் பாடகி பில்லி ஹாலிடே பாடிப் பதிவு செய்தாரே, அதில் ட்ரம்பெட் வாசித்தவர் ஃப்ராங்கி நியூட்டன். அரசியலில் இடதுசாரி.

இனி 'பொழுதுபோக்கு' விஷயத்துக்கு வருகிறேன். 1959இல் ஹாப்ஸ்பாமின் இரண்டு நூல்கள் வெளியாயின. ஒன்று ஹாப்ஸ்பாம் பெயரில்: சிசிலியின் மாஃபியா, ஸ்பெயினின் அந்தலூசியாவில் அரசே வேண்டாம் என்ற அராஜகவாதிகள், ஊர் ஜனம் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிய கொள்ளைக்காரர்கள். இன்னொன்று நியூட்டன் பெயரில், ஜாஸ் பற்றி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாஸ் நூலில் ராகதாளம் மட்டுமில்லை. வாசிக்கிறவன் யார், அவனுக்குக் கூலி என்ன, ரெக்கார்டு கம்பெனியும் ஏஜெண்டும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள், காசு கொடுத்துக் கேட்க வருபவர்கள் யார் என்றெல்லாம் போகிறது.

ஆவணக் காப்பகத்தில் கொள்ளைக்காரனைத் தேடினால் போலீஸ்காரர் எழுதி வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். அவனை ஊரார் என்ன நினைத்தார்கள் என்பது நாட்டுப்பாட்டில்தான் இருக்கும். ஏழை ஜனங்கள் தாங்களே விட்டுப்போன தடயம் அது. பாட்டுக்குக் காது கொடுக்கத் தெரியாதவர் அந்தக் கொள்ளைக்காரர் நூலை எப்படி எழுதியிருப்பார்?

சரி, அவர் காதும் குறையில்லாத காது அல்ல. ராக் இசை வந்து இளைஞர்கள் ஜாஸை விட்டுப் போனதும் அவருக்குக் கசந்துவிட்டது. பீட்டில்ஸ் நிலைக்க மாட்டார்கள் என்று 1963இல் எழுதினார். என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு கேட்டவருக்கே, தனக்குப் பிந்தைய தலைமுறையின் பாட்டு என்றதும் தீர்ப்பில் அவசரம் வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த இளைஞர் எந்தப் பாட்டைப் பற்றி, என்ன எழுதினார் என்று ஒரு வரி இல்லை. கட்டுரைத் தலைப்புகூட இல்லை. படித்தீர்களா, ஐயா? அந்த இதழ் கைவசம் இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள்.