66டி சேர்க்கப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வங்கி அதிகாரி என்று பேசியவர் லிங்க் அனுப்பி, என் கணக்கிலிருந்து 1.8 லட்சத்தை எடுத்துவிட்டார். எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) பிரிவு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். "ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66டி இல்லாவிட்டால் கேஸ் நிற்காது, 15,000 கொடுத்தால் சேர்க்க வைக்கிறேன்" என்கிறார் ஸ்டேஷனில் பழக்கமுள்ள ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பது 318(4)-இலேயே குற்றம். 7 ஆண்டு வரை சிறை, எளிதில் ஜாமீன் கிடையாது. போனில் ஏமாற்றினாலும் நேரில் ஏமாற்றினாலும் மோசடி மோசடிதான். 66டி-க்கு 3 ஆண்டு வரைதான், அதுவும் ஜாமீனில் விடக்கூடியது.

வேறு ஆள் போல நடித்து ஏமாற்றும் ஆள்மாறாட்ட மோசடிக்கு 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 419-ஆவது பிரிவு இருந்தது, 3 ஆண்டு. அதையே கம்ப்யூட்டர், போன் வழியாகச் செய்தால் என்று 2008 திருத்தத்தில் 66டி கொண்டுவந்தார்கள். அதற்கும் அதே 3 ஆண்டு! 2024 ஜூலையில் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொதுவான ஆள்மாறாட்ட மோசடியை 5 ஆண்டாக்கியது. 66டி அப்படியே கிடக்கிறது. இதற்கென்றே எழுதிய தனிப் பிரிவில்தான் தண்டனை குறைவு. இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

66டி சேர்ப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஐ.டி. சட்டம் 78-ஆவது பிரிவின்படி அந்தக் குற்றத்தை இன்ஸ்பெக்டர் அல்லது அவருக்கு மேலானவர்தான் விசாரிக்க வேண்டும். எஸ்.ஐ. விசாரிக்கக் கூடாது. உங்கள் வழக்கை எஸ்.ஐ. பார்க்கிறார் என்று வையுங்கள்: பிரிவைச் சேர்த்துவிட்டு அவரே சாட்சிகளை விசாரித்து முடித்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையை வைப்பது அங்கேதான். அதனால் சேர்த்தால் ஃபைல் இன்ஸ்பெக்டர் கைக்குப் போனதா என்று கேளுங்கள். விசாரணையின் நடுவில் பிரிவு சேர்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவது போலீஸின் வழக்கமான வேலை. அதற்குக் கட்டணம் கிடையாது. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்.

உங்களுக்கு வேண்டியது பணம், பிரிவு அல்ல. சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்தீர்களா? இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள். எதிராளி கணக்கில் ஏதாவது முடக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பக் கேட்டு நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். "கமிஷன் கொடுங்கள், மீட்டுத் தருகிறேன்" என்று வருபவன் இரண்டாவது திருடன். 15,000 கேட்டவரிடம் பாஸ்புக் நகலோ ஏ.டி.எம். கார்டு விவரமோ கொடுத்திருந்தால், இன்றே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.